தனி ஆவர்த்தனம் வந்தால் காதை எங்கே வைப்பது? தாளம் கேட்பவர்களின் சந்தேகங்கள்

தருமபுரியில் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர், குமாரசாமிப்பேட்டைத் தேர்த் திருவிழாவில் பக்கத்தில் நிற்பவர்கள், கூத்து நடக்கும் ஊர்களில் டீக்கடையில் பேச்சுக் கொடுப்பவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது வாசிப்பதைப் பற்றி அல்ல, கேட்பதைப் பற்றித்தான். "நல்லாத்தான் இருக்குது, ஆனா எதைக் கேக்கறதுன்னு தெரியல" என்பார்கள். இதே சந்தேகத்தைப் பல வாய் வழியாகக் கேட்ட பிறகு எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன். முதலிலிருந்து படித்தால் பின்னால் வருபவை எளிதாக இருக்கும்.

தாளம், லயம், நடைன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எல்லாம் ஒண்ணுதானே சார்?

ஒன்றல்ல. லயம் என்பது சீரான ஓட்டம். நடக்கும்போது கால் தானாகப் போடும் சீர் இருக்கிறதே, அது லயம். அந்த ஓட்டத்தை இத்தனைக்கு ஒருமுறை திரும்பி வரும் சுற்றாகக் கட்டுவது தாளம். ஆதி தாளத்துக்குச் சுற்று எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை.

நடை என்பது ஓர் அட்சரத்துக்கு உள்ளே எத்தனை சொல் விழுகிறது என்பது. நான்கு விழுந்தால் தகதிமி, சதுஸ்ரம். மூன்று விழுந்தால் தகிட, திஸ்ரம். ஐந்து தகதகிட, கண்டம். ஏழு தகிடதகதிமி, மிஸ்ரம். ஒன்பது தகதிமிதகதகிட, சங்கீர்ணம். சுற்று, அட்சரம், உள்ளே விழும் சொல் என்று மூன்று அடுக்கு இருப்பது தெரிந்தால் போதும். காது எந்த அடுக்கில் இருக்கிறது என்பதுதான் இந்தப் பக்கம் முழுவதும் பேசப்போகும் விஷயம்.

தொடையில தட்டிக்கினு விரலையும் எண்றாங்களே, அது எப்படிங்க?

ஆதி தாளத்துக்கு முதலில் உள்ளங்கையால் ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். இந்த நான்கும் சேர்ந்து லகு. அடுத்து ஒரு தட்டு, ஒரு வீச்சு. மறுபடி ஒரு தட்டு, ஒரு வீச்சு. இந்த இரண்டு ஜோடிகளும் த்ருதங்கள். மொத்தம் எட்டு. முதல் தட்டு விழும் இடம் சமம்.

எட்டு முறையும் ஒரே மாதிரி தட்டினால் ஐந்தாவதா ஆறாவதா என்று மனசு எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். விரலும் வீச்சும் மாறி மாறி வருவதால் அந்த வேலை மனசுக்கு இல்லை. மோதிரவிரல் தொடையைத் தொட்டதும் இது மூன்றாவது என்று கை சொல்லிவிடுகிறது. மனசு பாட்டைக் கேட்கலாம். இதைக் கட்டி வைத்தவர்கள் கேட்பவரின் கவனத்தைப் பற்றி நன்றாக யோசித்திருக்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தாளம் போடத் தெரியாதவங்க சும்மா உக்காந்து கேட்டா தப்பா?

தப்பே இல்லை. பாட்டு எல்லோருக்கும்தான். ஆனால் கணக்கு கூடின இடங்களில் தாளம் போடாதவருக்குக் கேட்பது மேளச் சத்தம் மட்டும். போடுபவருக்கு அந்தச் சத்தம் எங்கே நிற்கிறது என்பதும் கேட்கும். ஒரே வாசிப்பு இரண்டு பேருக்கு இரண்டு விதமாகிவிடுகிறது. பதினைந்து நாள் பழகினால் ஆதி தாளம் கைக்கு வந்துவிடும்.

தனி ஆவர்த்தனம் வந்தாலே தலை சுத்துது. சரசரன்னு கொட்றாங்க. எதைப் புடிச்சிக்கிறது?

பாட்டு நின்று மேளம் மட்டும் தனியாக வாசிக்கும் பகுதிதான் தனி ஆவர்த்தனம். அதில் சமத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் சில மாதம் அது ஒன்று போதும். மிருதங்கத்தில் விழும் ஒவ்வொரு சொல்லையும் பின்தொடர முயன்றால் இரண்டு சுற்றுக்குள் தோற்றுவிடுவீர்கள். வாசிப்பவரே அந்த வேகத்தில் ஒவ்வொரு சொல்லாக நினைத்து வாசிப்பதில்லை.

தருமபுரி பேருந்து நிலையத்தில் ஒகேனக்கல் வண்டிக்கு நிற்பவரைப் பாருங்கள். வந்து போகும் எல்லா வண்டியின் போர்டையும் அவர் படிப்பதில்லை. தன் வண்டி எந்தப் பக்கத்திலிருந்து திரும்பும் என்று தெரியும், கண் அங்கே இருக்கும். அதுவரை பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டும் இருப்பார். தனி ஆவர்த்தனத்தையும் அப்படிக் கேட்கலாம். கை தாளம் போடட்டும். சொற்கள் ஓடட்டும். எட்டாவது எண்ணிக்கையான கடைசி வீச்சு வரும்போது மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு சமத்தில் என்ன விழுகிறது என்று கேளுங்கள். பெரிய அடியா, மௌனமா, நடுவில் ஓடிக்கொண்டே போகிறதா? இந்த ஒரு கேள்விக்கு ஒவ்வொரு சுற்றிலும் பதில் தேடினால் பத்து நிமிடத் தனி போவதே தெரியாது.

ஒரு நிமிஷத்துக்கு மேல கவனம் நிக்க மாட்டேங்குது. எனக்குக் கேக்கத் தெரியலையா?

உங்களுக்குக் குறை ஒன்றுமில்லை. கவனம் ஒரே மட்டத்தில் நிற்கும் பொருள் இல்லை. மாரி ரீஸ் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1976-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். நாம் கேட்கும் ஓசையின் சீரோடு நம் கவனமும் சேர்ந்து அலையாக எழுந்து தணிகிறது என்றார். அடுத்த ஓசை எப்போது வரும் என்று மனசு எதிர்பார்க்கிறதோ அந்த நேரத்தில் கவனம் உச்சத்தில் இருக்கும். நடுவில் தணியும். 1999-ல் எட்வர்ட் லார்ஜுடன் சேர்ந்து இதைக் கணித முறையிலும் எழுதினார்.

2002-ல் ஜோன்ஸும் அவர் குழுவினரும் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் ஒரு சுரம் கேட்கும். பிறகு சீரான இடைவெளியில் வேறு சில சுரங்கள். அவற்றைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். கடைசியாக ஒரு சுரம். முதல் சுரத்தைவிட அது மேலா கீழா என்று சொல்ல வேண்டும். கடைசிச் சுரம் அந்தச் சீர்ப்படி வரவேண்டிய நேரத்தில் வந்தால் பதில் சரியாக இருந்தது. முந்தினாலும் பிந்தினாலும் தவறுகள் கூடின. கேட்ட கேள்வி சுரத்தின் உயரத்தைப் பற்றி, காலத்தைப் பற்றி அல்ல. அப்படியும் காலம் சரியாக இருந்ததால் காது கூர்மையானது.

ஆகவே நடுவில் மனசு தணிவதை நினைத்துக் கவலைப்படாதீர்கள். வரவேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தால் சரி.

எண்ணிக்கிட்டே கேட்டா பாட்டே காதுல விழல. எண்ணாம இருந்தா தாளம் போயிடுது. என்னதான் செய்யறது?

எண்ணுவதை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். தகதிமி என்று வாய்க்குள் சொன்னால் நான்கு போயிற்று, எண்ணவே இல்லை. தகிடதகதிமி என்றால் ஏழு. சொற்கட்டு என்பது வாசிப்பவர்களின் மனப்பாடத்துக்கு மட்டும் வந்ததல்ல, கேட்பவருக்கும் அது கைப்பிடி.

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் சரக்கு எண்ணுபவர் ஒன்று, இரண்டு என்று போவதில்லை. கைக்கு இத்தனை என்று அள்ளிப் போட்டு அந்தக் கைகளைத்தான் எண்ணுகிறார். பக்கத்தில் நாம் பேச்சுக் கொடுத்தாலும் அவருக்குக் கணக்குத் தவறாது. மனித மனம் ஒரே நேரத்தில் ஏறத்தாழ ஏழு உருப்படிகளைத்தான் தாங்கும், ஆனால் உருப்படிகளைக் கட்டாகக் கட்டினால் ஒவ்வொரு கட்டும் ஓர் உருப்படியாகிவிடும் என்று ஜார்ஜ் மில்லர் 1956-ல் எழுதினார். ஆதி தாளத்தின் ஒரு சுற்றில் சதுஸ்ர நடைக்கு 32 சொல். தனித்தனியாகத் தாங்க முடியாது. எட்டு தகதிமியாகக் கொண்டால் கொஞ்சம் தாங்கும். லகு, த்ருதம், த்ருதம் என்று மூன்றாகக் கொண்டால் சுமையே தெரியாது.

கடிகாரம் 'டிக் டிக்'னுதான் அடிக்குது. எனக்கு ஏன் 'டிக் டாக்'னு கேக்குது?

ஒரு மாணவியின் தம்பி கேட்டது இது. எட்டு வயது. இந்தப் பக்கத்தில் உள்ளவற்றில் ஆழமான கேள்வி இதுதான் என்பேன்.

ஒரே மாதிரியான ஓசைகள் சீராக வந்தால் மனம் அவற்றை இரண்டாகவோ நான்காகவோ தானே கட்டிக்கொள்கிறது. ஒன்றைப் பலமாகவும் அடுத்ததை மெலிதாகவும் கேட்கிறது. தாடியஸ் போல்டன் 1894-லேயே இதைச் சோதித்து எழுதியிருக்கிறார். பலமும் மெலிவும் கடிகாரத்தில் இல்லை, கேட்பவரிடம் இருக்கின்றன. விரும்பினால் மாற்றவும் முடியும். அதே கடிகாரத்தை மூன்று மூன்றாக, தகிட தகிட என்று நினைத்துக் கேட்டுப் பாருங்கள், சற்று நேரத்தில் அப்படியே கேட்கும். மனம் எதற்காகக் காத்திருக்கிறதோ அதைக் காது கொண்டுவந்து கொடுக்கிறது.

நம் ஊர்க்காரர் ஒருவரை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. தகடூரை ஆண்ட அதியமானைப் பற்றி ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்று (89) உண்டு. பொதுவிடத்தில் தொங்கும் தண்ணுமையின் தோலில் காற்று மோதி ஓசை எழுந்தால்கூட, போர் வந்துவிட்டது என்று மகிழ்வானாம் அவன். அடித்தது காற்று. கேட்டவன் போருக்குக் காத்திருந்தவன்.

மிஸ்ர சாபு கேட்டா நொண்டி நடக்கிற மாதிரி இருக்குது. எப்படிப் பழகறது?

நொண்டுகிற மாதிரி கேட்கிறது என்றால் சரியாகவே கேட்கிறீர்கள். ஏழை மூன்றும் நான்குமாகப் பிரித்தால் ஒரு கால் குட்டை, ஒரு கால் நீளம். தகிட தகதிமி. பலர் இதை 1, 4, 6 ஆகிய இடங்களில் தட்டிப் போடுவார்கள். தகிட, தக, திமி. ஏழு சம இடைவெளிகளை மனசில் வைத்துக்கொள்ளப் பார்க்காதீர்கள். குட்டை, நீளம் என்ற அசைவைப் பிடியுங்கள். கண்ட சாபுவும் அப்படித்தான், இரண்டும் மூன்றும்.

இது எல்லாம் கேட்டுப் பழகிய பழக்கம். எரின் ஹேனன், சாண்ட்ரா டிரெஹப் இருவரும் 2005-ல் வெளியிட்ட ஆய்வுகளில், இப்படிக் குட்டையும் நீளமுமாக வரும் பால்கன் நாட்டு இசையை வட அமெரிக்கக் குழந்தைகளுக்குக் கேட்கச் செய்தார்கள். ஆறு மாதக் குழந்தைகள் அதில் வந்த பிசகைக் கண்டுகொண்டன. ஒரு வயதுக் குழந்தைகளுக்குத் தங்கள் ஊர்த் தாளம் மட்டுமே காதில் நின்றது. ஆனால் வீட்டில் இரண்டு வாரம் அந்த இசையைக் கேட்கச் செய்ததும் ஒரு வயதுக் குழந்தைகளுக்கு அது திரும்பி வந்தது. பெரியவர்களுக்கு அத்தனை சீக்கிரம் வரவில்லை. தொட்டில் வயதில் பம்பை கேட்டு வளரும் நம் பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள்.

என் பொண்ணுக்கு இப்பதான் மூணு வயசு. தாள ஞானம் இருக்குதான்னு எப்பத் தெரியும்?

தாளத்தைக் கேட்கும் திறன் பிறவியிலேயே வருகிறது. இஸ்த்வான் விங்க்லரும் குழுவினரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகள் தூங்கும்போது மேளத் தாளத்தைக் கேட்கச் செய்து மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். முதல் அடி விழவேண்டிய இடத்தில் அது விழாமல் போனதும் மூளை அதைக் கண்டுகொண்டது. மூன்று வயதில் பிள்ளைக்கு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டாம். மடியில் வைத்து ஆட்டிக்கொண்டே பாடுங்கள், போதும்.

உடம்பை ஆட்டாம, அமைதியா உக்காந்து கேக்கறதுதான மரியாதை?

பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவு இல்லாதவரை ஆட்டுங்கள். ஜெசிக்கா கிரான், மேத்யூ பிரெட் இருவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், தெளிவான தாளத்தை அசையாமல் படுத்துக் கேட்டவர்களின் மூளையிலும் உடல் அசைவுக்கு உரிய பகுதிகள் வேலை செய்வதைக் கண்டார்கள். உடம்பு எப்படியும் உள்ளே ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

இன்னொன்று. பலம், மெலிவு எதுவும் வைக்காத ஒரே தாளத்தை ஏழு மாதக் குழந்தைகளுக்குக் கேட்கச் செய்து, சிலரை இரண்டுக்கு ஒருமுறையும் சிலரை மூன்றுக்கு ஒருமுறையும் தூக்கித் தூக்கி ஆட்டினார்கள் ஜெசிக்கா பிலிப்ஸ்-சில்வர், லாரல் டிரெய்னர். அந்த ஆய்வு 2005-ல் வந்தது. பிறகு எந்தக் குழந்தையை எப்படி ஆட்டினார்களோ அப்படிப் பலம் வைத்து வாசித்ததையே அது விரும்பிக் கேட்டது. கடிகாரக் கேள்வியில் சொன்ன கட்டுகளை உடம்பு போட்டுக்கொடுக்கிறது. அதனால்தான் என் மாணவர்களை முதல் ஆறு வாரம் மிருதங்கத்தைத் தொடவிடுவதில்லை. வாயில் சொல், கையில் தாளம், காலில் நடை.

வேகமா வாசிச்சாத்தான கஷ்டம்? எனக்கு மெதுவாப் போறதுதான் நழுவுது.

உண்மைதான், வேகத்தைவிட மெதுவே கடினம். அடிக்கும் அடிக்கும் இடையே அரை விநாடி முதல் முக்கால் விநாடி வரை இருந்தால் பெரும்பாலோருக்கு வசதி. இரண்டு விநாடிக்குப் பக்கமாக நீளும்போது அடுத்த அடியை எதிர்பார்க்கும் பிடி தளர்ந்துவிடும். இரண்டு அடிகள் ஒரு சீராகச் சேராமல் தனித்தனி ஓசைகளாக நிற்கும். சௌக்க காலத்தில், அதாவது மெதுவான ஓட்டத்தில், இரண்டு களையில் ஆதி தாளம் போடுபவர்கள் ஒவ்வொன்றையும் இருமுறை போடுவது இதற்காகத்தான். நீண்ட இடைவெளியை நடுவில் ஒரு குச்சி நட்டுப் பாதியாக்கிக்கொள்கிறார்கள். நீங்களும் வாய்க்குள் தகதிமி சொல்லி இடைவெளியை நிரப்புங்கள், நழுவாது.

கோர்வை முடியற எடத்துல எல்லாரும் ஒண்ணா தலையாட்றாங்க. அவங்களுக்கு முன்னாடியே எப்படித் தெரியுது?

மூன்று முறை வருவதால் தெரிகிறது. கோர்வை என்பது கணக்காகக் கட்டிய முடிப்பு. தீர்மானத்தில், அதாவது முடித்து வைக்கும் இடத்தில், ஒரு சொற்கட்டு மூன்று முறை வரும். முதல் முறை அது என்ன என்று கேட்கிறோம். இரண்டாம் முறை அதன் நீளம் பிடிபடுகிறது. மூன்றாம் முறை தொடங்கும்போதே எங்கே போய் நிற்கும் என்று தெரிந்துவிடும்.

மிகச் சிறிய ஒன்றைப் பார்க்கலாம். ததிங்கிணதொம் என்பது ஐந்து சொல் நேரம். த, திங், கி, ண, தொம். மூன்று முறை சொன்னால் பதினைந்து. ஆதி தாளத்தின் பின்பாதி, அதாவது இரண்டு த்ருதங்களும், பதினாறு. ஆக ஒரு சொல் மிச்சம். முதல் த்ருதத்தின் தட்டு விழும் இடத்தில் மிருதங்கம் சும்மா இருக்கும். அதற்கு அடுத்த சொல்லில் எடுக்கும். இப்போது தொம் எங்கே விழுகிறது என்று கையோடு பாருங்கள். முதல் தொம் ஆறாவது அட்சரத்தின் இரண்டாவது சொல்லில். அடுத்த தொம் ஏழாவதன் மூன்றாவது சொல்லில். கடைசித் தொம் எட்டாவதன் நான்காவது சொல்லில். இரண்டு, மூன்று, நான்கு என்று படி ஏறி, அடுத்த படியில் கால் வைத்தால் சமம். முதல் நாள் இதைத் திண்ணையில் சொல்லிக் காட்டியபோது ஒரு மாணவனின் அப்பா, லாரி ஓட்டுபவர், சமம் விழுந்ததும் "அடடா" என்று எழுந்தே விட்டார். அவர் அதுவரை தாளம் போட்டவரே இல்லை.

பெரிய கோர்வைகளும் இதே வழிதான். ததிங்கிணதொம் இரண்டு சேர்ந்த பத்தை மூன்று முறை வைத்து, நடுவில் ஒவ்வொரு சொல் இடைவெளி விட்டால் 10, 1, 10, 1, 10. மொத்தம் 32, ஒரு முழுச் சுற்று.

சமத்தைப் புடிச்சிக்கினு உக்காந்திருந்தேன், கோர்வை வேற எடத்துல போய் முடிஞ்சிது. அவர் தப்பா வாசிச்சாரா?

பெரும்பாலும் இருக்காது. பாட்டு சமத்தில் எடுக்காததாக இருந்திருக்கும். தாளம் தொடங்கிச் சற்று கழித்துப் பாட்டு எடுத்தால் அனாகதம், பாட்டு முந்திக்கொண்டு தாளம் பின்னால் வந்தால் அதீதம். அப்படிப்பட்ட பாட்டுக்குத் தனி வாசித்தால் கடைசிக் கோர்வை பாட்டு எடுக்கும் இடத்துக்கு வந்து சேரும், ஏனென்றால் அங்கேதான் பாடகர் பல்லவியை எடுக்கப் போகிறார்.

எனவே தனி ஆவர்த்தனம் தொடங்கும் முன்பே, பாட்டின் முதல் சொல் தாளத்தில் எந்த இடத்தில் விழுகிறது என்று கையால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் கவனம் போய் நிற்க இரண்டு இடம். ஒன்று சமம், மற்றொன்று எடுப்பு. மேலே சமம் மட்டும் போதும் என்றது முதல் சில மாதங்களுக்குத்தான்.

நடை மாறினதும் என் கை தானா வேகமாவுது. எப்படி நிறுத்தறது?

கை அட்சரத்தை விட்டுவிட்டு உள்ளே விழும் சொல்லின் பின்னால் ஓடுவதால் வருவது இது. தகதிமியிலிருந்து தகிடவுக்கு மாறும்போது அட்சரம் அசைவதே இல்லை. அதே வரப்புக்குள் நான்கு நாற்று இருந்த இடத்தில் மூன்று நாற்று. வரப்பைப் பாருங்கள். நடை மாறும் சுற்றில் மட்டும் மிருதங்கத்தைக் காதுக்குச் சற்றுத் தூரமாக வைத்து, கை விழும் ஓசையையே கேளுங்கள். இரண்டு சுற்றுக்குப் பிறகு புது நடை தானாக அட்சரத்தில் உட்கார்ந்துவிடும்.

மிருதங்கம், கடம், கஞ்சிரான்னு மாத்தி மாத்தி வாசிக்கறப்ப யாரைக் கேக்கறது?

கைமாறும் இடத்தைக் கேளுங்கள். குறைப்பு என்று இதற்குப் பெயர். ஆளுக்கு இரண்டு சுற்று, பிறகு ஒன்று, பிறகு பாதி, கால் என்று பங்கு சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் எல்லோரும் சேர்ந்து வாசிப்பார்கள். முதலில் வாசித்தவர் என்ன கொடுத்தார், அடுத்தவர் அதை அப்படியே திருப்பினாரா மாற்றினாரா என்று மட்டும் பார்த்தால் மிகவும் சுவையாக இருக்கும்.

மூணும் நாலும் ஒரே நேரத்துல வருதுன்றாங்க. ரெண்டையும் ஒண்ணா கேக்க மனுசனால முடியுமா?

இரண்டு தனித்தனி ஓட்டங்களாக, இரண்டுக்கும் சம கவனம் கொடுத்துக் கேட்பது மிகவும் கடினம். பெரும்பாலோர் செய்வது, ஒன்றைத் தரையாக வைத்து மற்றொன்றை அதன்மேல் நடமாடுவதாகக் கேட்பது. தரையை மாற்றினால் அதே வாசிப்பு வேறாகக் கேட்கும்.

இன்னொரு வழி, இரண்டையும் ஒரே சொல்லாகப் பின்னிக்கொள்வது. பன்னிரண்டு வரை மெதுவாக எண்ணுங்கள். வலது கை வலது தொடையில் 1, 4, 7, 10-ல் விழட்டும். இடது கை இடது தொடையில் 1, 5, 9-ல். முதலில் இரண்டும் ஒன்றாக, பிறகு 4, 5 அடுத்தடுத்து, 7 தனியாக, 9, 10 அடுத்தடுத்து. இடைவெளிகள் 3, 1, 2, 2, 1, 3. முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் ஒரே வரிசை. பத்து முறை செய்ததும் இரண்டு கை மறைந்து ஒரே தாளம் கேட்கும். அப்போது வலக்கையை மட்டும் பலமாக அடித்துப் பாருங்கள். பிறகு இடக்கையை. எது தரை என்பது மாறுவது உடம்பிலேயே தெரியும்.

அம்மன் கோயில்ல பம்பை, உடுக்கை, சிலம்பு, மணி எல்லாம் சேர்ந்து அடிக்கறப்ப ஒரே இரைச்சலா இருக்குது. அதுலயும் கணக்கு இருக்குதா?

நிச்சயமாக இருக்கிறது. சபாவில் வாசிப்பதற்குக் கணக்கு, கோயிலில் வாசிப்பதற்கு வெறும் சத்தம் என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். நான் நடை மாற்றங்களை முதலில் கேட்டது மாரியம்மன் கரகத்தின் பின்னால் நடந்தபோதுதான், வகுப்பில் அல்ல.

காது ஓசைகளைத் தாரை தாரையாகப் பிரிக்கிறது. உயரமான ஓசைகள் ஒரு தாரை, தாழ்ந்தவை ஒரு தாரை. இரண்டும் வேகமாக மாறி மாறி வந்தாலும் அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்துவிடும். ஆல்பர்ட் பிரெக்மன் 1990-ல் வெளியிட்ட பெரிய நூல் முழுக்க இதைப் பற்றியது. அதற்கும் முன்னால், 1953-ல், காலின் செர்ரி கூட்டத்தில் பல குரல்கள் பேசும்போது ஒன்றை மட்டும் எப்படிப் பிடித்துக் கேட்கிறோம் என்று ஆராய்ந்தார். சந்தையில் நம் பெயரை யாரோ கூப்பிட்டது கேட்கிறதே, அதே காதுதான்.

கோயிலில் முதலில் கைச்சிலம்பைத் தேடுங்கள். அதன் ஓசை உயரத்தில் தனியாக நிற்பதால் எளிதில் கிடைக்கும், பெரும்பாலும் சீராகவும் போகும். அதைத் தரையாக்கிக்கொள்ளுங்கள், மூணும் நாலும் கேள்வியில் சொன்ன மாதிரி. பிறகு பம்பையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய இரண்டு உருளைகளில் தாழ்ந்த ஓசை எது என்று பிரியுங்கள். அது எத்தனைக்கு ஒருமுறை விழுகிறது? இவ்வளவு கிடைத்துவிட்டால் இரைச்சல் அடங்கிவிடும். உடுக்கையின் இழுவையை ரசிக்க அப்புறம் நிறைய நேரம் இருக்கிறது.

நடுவுல தாளம் விட்டுப் போயிடுச்சின்னா?

கையை நிறுத்திவிடுங்கள். தப்பான தாளத்தை விடாமல் போடுவதுதான் கெடுதல், ஏனென்றால் கவனம் தப்பான இடத்தில் போய்க் காத்திருக்கும். பாட்டு நடக்கிறது என்றால் பல்லவி எடுப்பு திரும்பும்வரை பொறுத்திருந்து அங்கே ஏறிக்கொள்ளலாம். தனி நடக்கிறது என்றால் பாடகரின் கையைப் பாருங்கள், அவர் போட்டுக்கொண்டே இருப்பார். பெரிய ரசிகர்களும் இப்படிப் பார்த்துச் சேர்ந்துகொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

கணக்கு எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு ஒசத்தியான வாசிப்புதானே?

இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. கேட்பவருக்குக் காத்திருக்க இடம் கொடுக்காத கணக்கு எவ்வளவு கடினமானாலும் அது காகிதத்தில் இருக்க வேண்டியது. தாளத்தை மறைக்கும் வாசிப்பு சிறிது நேரம் அழகு. பிறகு எங்காவது கேட்பவரின் கையைப் பிடித்துச் சமத்தைக் காட்டிவிட்டு மறுபடி மறைய வேண்டும்.

என்ன வரப்போவுதுன்னு தெரிஞ்சிட்டா சுவாரசியம் போயிடாதா?

கூத்து பார்ப்பவர்களிடம்தான் இதைக் கேட்க வேண்டும். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கதை பல நாள் நடந்து படுகளத்தில் வந்து முடியும். மண்ணால் செய்த துரியோதனன் களத்தில் கிடப்பான். பீமன் தொடையில் அடிக்கப் போகிறான் என்பது அங்கே நிற்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பீமன் சுற்றி வருகிறான், மேளம் நெருங்குகிறது, நெருங்கி நெருங்கி மூச்சு விட இடமில்லாமல் ஆகிறது.

பாலக்கோடு பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு கோடையில் படுகளம் பார்த்தேன். என் பக்கத்தில் எண்பது வயது இருக்கும் ஒரு பாட்டி, சேலைத் தலைப்பை வெயிலுக்கு முக்காடாகப் போட்டுக்கொண்டு நின்றார். எத்தனை படுகளம் பார்த்திருப்பார் என்று தெரியாது. மேளம் சட்டென்று நின்றது. ஒரு தட்டு நேரம் எந்த ஓசையும் இல்லை. பீமனின் கதாயுதம் இன்னும் மேலேதான் இருந்தது. அதற்குள் பாட்டியின் வலது கை இடுப்பிலிருந்து எழுந்துவிட்டது. அடி விழுந்த அதே நேரத்தில் அவர் கை அவர் தொடையில் விழுந்தது.